கிளஸ்டரில் பேட்ச் ஜாப் போடுவது எப்படி: ஸ்லர்ம் கட்டளைகளோடு முழுமையான வழிகாட்டி

பல கம்ப்யூட்டர்களை இணைத்து அமைத்த கிளஸ்டரில் அக்கவுன்ட் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் காரியம், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் கட்டளை) போட்டு உள்ளே நுழைந்து, லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்த அதே கட்டளையை அங்கேயும் தட்டுவது. அது ஓடவும் செய்யும். ஆனால் அது ஓடுவது லாகின் நோடில் (நோட் என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு கம்ப்யூட்டர்). எல்லோரும் உள்ளே வந்து ஃபைல் பார்க்கவும் ஸ்க்ரிப்ட் எழுதவும் வைத்திருக்கிற பொது மெஷின் அது. சற்று நேரத்தில் எல்லோருடைய டெர்மினலும் திணறும். நிர்வாகியிடமிருந்து ஒரு மெயில் வரும், அல்லது எதுவும் சொல்லாமலே உங்கள் புரோகிராமை நிறுத்திவிடுவார்கள்.

உண்மையான பலம் பின்னால் இருக்கும் கம்ப்யூட் நோடுகளில் இருக்கிறது. அவற்றை, வேலைகளை வரிசைப்படுத்தி இடம் ஒதுக்கும் சாஃப்ட்வேரான ஸ்கெட்யூலரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "இத்தனை கோர், இவ்வளவு மெமரி, இவ்வளவு நேரம் வேண்டும்; கிடைத்ததும் இந்த ஸ்க்ரிப்டை ஓட்டு" என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் பேட்ச் ஜாப். எழுதிக் கொடுத்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விடலாம். கட்டளைகளைப் பழக ஒரு மதியம் போதும். அளவறிந்து கேட்கக் கற்றுக்கொள்ளத்தான் நாள் பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதி அதற்கே போகிறது.

நான் எடுத்துக்கொள்வது ஸ்லர்ம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவான ஓப்பன் சோர்ஸ் ஸ்கெட்யூலர் அது. இன்று உலகின் பெரிய சூப்பர்கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வரிசையை நடத்துவது அதுதான். உங்கள் இடத்தில் பிபிஎஸ் அல்லது எல்எஸ்எஃப் என்ற வேறு ஸ்கெட்யூலர் இருந்தால், பின்னால் அதற்கும் சில வரிகள் உண்டு.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஸ்க்ரிப்டில் # ஒட்டி வரும் எஸ்பேட்ச் என்ற சொல்லும், ஸ்லர்ம், ஓஎம்பி, பிபிஎஸ் என்று தொடங்கும் மாறிகளின் பெயர்களும் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும்.

நுழைந்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் எஸ்இன்ஃபோ என்று தட்டுங்கள். பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். பார்ட்டிஷன் என்றால் நோடுகளின் ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேர வரம்பு இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி உள்ளதுதான், நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால் ஜாப் போய்ச் சேரும் இடம். ஐடில் என்றால் நோட் சும்மா இருக்கிறது. மிக்ஸ் என்றால் பாதி நிரம்பியது. அலாக் என்றால் முழுதும் நிரம்பியது. டிரெய்ன், டவுன் என்றால் அதை மறந்துவிடுங்கள். ஒரு நோடில் எத்தனை கோர், எவ்வளவு மெமரி என்று தெரிய "எஸ்கன்ட்ரோல் ஷோ நோட்" என்று தட்டி, அதன் பின் நோடின் பெயரைக் கொடுங்கள். அதில் ரியல்மெமரி என்று வரும் எண் எம்பி கணக்கில் இருக்கும்.

அடுத்தது டிஸ்க். பெரும்பாலான கிளஸ்டர்களில் ஹோம் என்னும் உங்கள் சொந்த ஃபோல்டர் சிறியது, பேக்கப் உள்ளது. ஸ்க்ராட்ச் என்னும் தற்காலிக இடம் பெரியது, வேகமானது. ஆனால் பேக்கப் கிடையாது, பல இடங்களில் நாள்பட்ட ஃபைல்களைத் தானே அழித்துவிடும். ஸ்க்ரிப்டும் புரோகிராமும் ஹோமில், தரவும் முடிவுகளும் ஸ்க்ராட்சில், ஜாப் முடிந்ததும் முடிவுகள் பத்திரமான இடத்துக்கு. இந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் மாட்யூல்களாக இருக்கும். "மாட்யூல் அவைல்" பட்டியலைக் காட்டும், "மாட்யூல் லோட்" எடுத்துத் தரும். இதில் ஒரு பொறி உண்டு. ஸ்லர்ம் இயல்பாகவே உங்கள் டெர்மினலின் சூழலை அப்படியே ஜாபுக்குள் எடுத்துப் போகும். ஆகவே டெர்மினலில் தற்செயலாக லோட் செய்து வைத்திருந்த மாட்யூலின் தயவில் இன்று ஓடும் ஜாப், அடுத்த வாரம் புது டெர்மினலில் இருந்து போட்டால் விழும். மாட்யூல் வரிகளை ஸ்க்ரிப்டுக்குள்ளேயே, பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். அதற்கு மேலே ஒரு "மாட்யூல் பர்ஜ்" போட்டுப் பழையதைத் துடைத்துவிடுங்கள்.

முதல் ஸ்க்ரிப்ட்

நம்மிடம் 300 சிஎஸ்வி ஃபைல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு பைதான் புரோகிராம் அலச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 300ஐயும் உடனே தூக்கிப் போட வேண்டாம். ஒரே ஒரு ஃபைலுக்கு ஸ்க்ரிப்ட் எழுதுவோம். பெயர் வேலை.எஸ்ஹெச்:

#!/பின்/பாஷ்
#எஸ்பேட்ச் --ஜாப்-நேம்=சோதனை
#எஸ்பேட்ச் --டைம்=00:20:00
#எஸ்பேட்ச் --என்டாஸ்க்ஸ்=1
#எஸ்பேட்ச் --சிபியூஸ்-பெர்-டாஸ்க்=4
#எஸ்பேட்ச் --மெம்=8ஜி
#எஸ்பேட்ச் --அவுட்புட்=லாக்/%எக்ஸ்-%ஜே.அவுட்

மாட்யூல் பர்ஜ்
மாட்யூல் லோட் பைதான்/பதிப்பு-எண்
செட் -இ
எக்ஸ்போர்ட் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்=$ஸ்லர்ம்_சிபியூஸ்_பெர்_டாஸ்க்
பைதான் -யூ கணக்கு.பை தரவு/001.சிஎஸ்வி

# வரிகள் பாஷுக்கு வெறும் குறிப்புகள். ஸ்லர்முக்கு அவைதான் விண்ணப்பம். அவை எல்லாம் முதல் உண்மையான கட்டளைக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு மாட்யூல் வரிக்குக் கீழே --மெம் எழுதினால் ஸ்லர்ம் அதைக் கண்டுகொள்ளாது, பிழையும் சொல்லாது. # குறிக்கும் எஸ்பேட்சுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தாலும் இதே கதைதான். ஒரு வரியைத் தற்காலிகமாக ஒதுக்க நினைத்தால் இதையே பயன்படுத்திக்கொள்ளலாம்: முன்னால் இன்னொரு # சேர்த்தால் போதும்.

நேரத்தை எழுதுவதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். --டைம்=90 என்றால் 90 நிமிடம். --டைம்=2:00 என்றால் 2 மணி நேரம் என்று நினைப்பீர்கள்; ஸ்லர்ம் அதை 2 நிமிடம், 0 நொடி என்று படிக்கும். 1-12 என்றால் 1 நாள் 12 மணி நேரம். குழப்பமே வேண்டாம் என்றால் எப்போதும் மணி:நிமிடம்:நொடி என்று மூன்று பகுதியாக எழுதுங்கள்.

மெமரியும் இப்படித்தான். அலகு எழுதாவிட்டால் எம்பி என்று எடுத்துக்கொள்ளும். --மெம்=8 என்று எழுதி 8 எம்பியில் பைதானைக் கிளப்பினால் அது கண் திறக்கும் முன்பே செத்துவிடும். இன்னொன்று: --மெம் என்பது ஒரு நோடுக்கான மெமரி. கோருக்கு இவ்வளவு என்று கேட்க --மெம்-பெர்-சிபியூ இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

டாஸ்க்கா, கோரா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் இது. எம்பிஐ கொண்டு எழுதிய புரோகிராம் பல ப்ராசஸ்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று செய்தி அனுப்பி வேலை செய்யும். அதற்கு என்டாஸ்க்ஸைக் கூட்டி, புரோகிராமை ஸ்லர்மின் எஸ்ரன் கட்டளை மூலம் கிளப்புங்கள். ஒரே ப்ராசஸ் பல த்ரெட்களாக ஓடினால் என்டாஸ்க்ஸ் 1, சிபியூஸ்-பெர்-டாஸ்க் கூடுதலாக. இரண்டுமே செய்யத் தெரியாத சாதாரண புரோகிராமுக்கு 32 கோர் கொடுத்தாலும் ஒன்றுதான் உழைக்கும், 31 வேடிக்கை பார்க்கும்.

எத்தனை த்ரெட் ஓட வேண்டும் என்று சொல்லும் ஓஎம்பி வரி ஏன்? எத்தனை கோர் கிடைத்தது என்று புரோகிராமுக்குத் தானாகத் தெரியும் என்று நம்பக் கூடாது. பைதானின் ஓஎஸ்.சிபியூ_கவுன்ட் நோடில் இருக்கிற எல்லாக் கோர்களையும் எண்ணிச் சொல்லும். 64 கோர் நோடில் 4 கோர் வாங்கிக்கொண்டு, அந்த எண்ணை நம்பி 64 ப்ராசஸைக் கிளப்பினால், அத்தனையும் அந்த 4 கோருக்குள் முட்டிமோதும். ஒரே கோரில் ஓட்டியதைவிட மெதுவாகக்கூட முடியலாம். எண்ணை எப்போதும் ஸ்லர்ம் கொடுக்கும் மாறியிலிருந்தே எடுங்கள்.

லாக் ஃபைல் பெயரில் %எக்ஸ் என்பது ஜாபின் பெயர், %ஜே என்பது ஜாப் எண். லாக் என்ற ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் ஜாப் தொடங்கிய கணமே விழும். எழுதுவதற்கு இடமே இல்லாததால் ஏன் விழுந்தது என்ற தடயமும் கிடைக்காது. ஒரு எழுத்துகூட விடாமல் மறைந்துபோன ஜாப் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சமர்ப்பித்தல்

முதலில் ஒத்திகை: எஸ்பேட்ச் --டெஸ்ட்-ஒன்லி வேலை.எஸ்ஹெச். ஜாபை வரிசையில் சேர்க்காமல், விண்ணப்பம் செல்லுமா, இப்போது போட்டால் ஏறத்தாழ எப்போது தொடங்கும் என்று சொல்லிவிடும். பிறகு நிஜமாக:

எஸ்பேட்ச் வேலை.எஸ்ஹெச்

ஒரு எண் வரும். அதுதான் இனி எல்லாவற்றுக்கும் சாவி. எண் வராமல் பிழை வந்தால், பெரும்பாலும் முதல் வரியில் #! விட்டுப்போயிருக்கும், அல்லது ஸ்க்ரிப்டை விண்டோஸில் எழுதி ஏற்றியிருப்பீர்கள். விண்டோஸ் வரிமுடிவுகளை ஸ்லர்ம் ஏற்காது. டாஸ்2யூனிக்ஸ் கட்டளை ஒரு முறை ஓட்டினால் சரியாகிவிடும்.

எஸ்பேட்ச் விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. ஒன்று, கட்டளை வரியில் கொடுக்கும் விருப்பங்கள் ஸ்க்ரிப்டில் உள்ளதை மீறும். ஆனால் அவை ஸ்க்ரிப்ட் பெயருக்கு முன்னால் வர வேண்டும். எஸ்பேட்ச் வேலை.எஸ்ஹெச் --டைம்=01:00:00 என்று பின்னால் எழுதினால், அது ஸ்லர்முக்குப் போகாமல் உங்கள் ஸ்க்ரிப்டுக்கு ஒரு ஆர்க்யுமென்டாகப் போய்ச் சேரும்; பழைய நேரமே அமலில் இருக்கும்.

இரண்டு, எஸ்பேட்ச் தட்டிய கணத்தில் ஸ்க்ரிப்ட் நகலெடுக்கப்படுகிறது. ஜாப் வரிசையில் காத்திருக்கும்போது வேலை.எஸ்ஹெச்சைத் திருத்தினாலும் அந்த ஜாப் மாறாது. ஆனால் கணக்கு.பை நகலெடுக்கப்படுவதில்லை, அது ஓடும் நேரத்தில்தான் படிக்கப்படும். நேற்றுப் போட்ட ஜாப் இன்னும் காத்திருக்க, இன்று நீங்கள் கணக்கு.பையில் கைவைத்தால், நேற்றைய ஜாப் இன்றைய அரைகுறைக் கோடோடு ஓடும். முக்கியமான ஓட்டங்களுக்குக் கோடைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துவிட்டுப் போடுவது நல்லது.

மூன்று, நகல் வேறொரு இடத்தில் இருந்து ஓடுவதால், "ஸ்க்ரிப்ட் இருக்கும் ஃபோல்டர்" என்று $0 மூலம் கண்டுபிடிக்கும் பழைய தந்திரம் இங்கே எடுபடாது. ஜாப் தொடங்குவது நீங்கள் எஸ்பேட்ச் தட்டிய ஃபோல்டரில். $ஸ்லர்ம்_சப்மிட்_டிர் அதைச் சொல்லும்.

வரிசையில் நிற்கும்போது

எஸ்க்யூ --மீ உங்கள் ஜாப்களை மட்டும் காட்டும். பிடி என்றால் காத்திருக்கிறது, ஆர் என்றால் ஓடுகிறது. கடைசிப் பத்தியில் அடைப்புக்குள் காரணம் இருக்கும், அதைப் படிக்கப் பழகுங்கள். பிரயாரிட்டி என்றால் உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறார்கள். ரிசோர்சஸ் என்றால் உங்கள் முறை நெருங்கிவிட்டது, இடம் காலியாகத்தான் காத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் பொறுமைதான் மருந்து. பார்ட்டிஷன்டைம்லிமிட் என்றால் பார்ட்டிஷனின் வரம்பைவிட அதிக நேரம் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை நாள் நின்றாலும் அது நகராது, ரத்து செய்துவிட்டுத் திருத்திப் போடுங்கள். க்யூஓஎஸ் அல்லது அசோக் என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் வந்தால், உங்கள் அல்லது உங்கள் குழுவின் ஒதுக்கீட்டை எட்டிவிட்டீர்கள் என்று பொருள். ரெக்நோட்நாட்அவைல் என்று வந்தால் பராமரிப்பு அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்: பராமரிப்பு தொடங்குவதற்குள் முடியாத ஜாபை ஸ்லர்ம் தொடங்காது. அந்தச் சமயத்தில் 2 நாளுக்குப் பதில் 6 மணி நேரம் கேட்டால் அது உள்ளே போய்விடும்.

நேரத்தைக் குறைத்துக் கேட்பது சாதாரண நாட்களிலும் பலிக்கும். பெரிய ஜாப் ஒன்றுக்காக ஸ்லர்ம் நோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாக்கிச் சேர்த்து வைக்கும். அந்த இடைவெளியில் முடிந்துவிடக்கூடிய சின்ன ஜாப்கள், பெருங்கற்களுக்கு நடுவே மணல் இறங்குவது போல உள்ளே நுழைந்துவிடும். இதற்கு பேக்ஃபில் என்று பெயர். முடியும் நேரத்தை ஸ்லர்ம் கணிப்பது நீங்கள் எழுதிய --டைமை வைத்துத்தான். 40 நிமிடத்தில் முடியும் வேலைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 3 நாள் எழுதினால், இந்தச் சந்துகள் எதிலும் நுழைய முடியாது.

முன்னுரிமையின் இன்னொரு பாதி ஃபேர்ஷேர். சமீபத்தில் அதிகம் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை இறங்கும். நாளாக ஆக அந்தக் கணக்கு மங்கும். ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் 7 நாளுக்கு ஒரு முறை பாதியாகும். உங்கள் கிளஸ்டரில் அதை மாற்றி வைத்திருக்கலாம். இந்தக் கணக்கில் ஏறுவது, உங்களுக்கு ஒதுக்கிய கோர்களை ஜாப் ஓடிய நேரத்தால் பெருக்கிய எண். ஒதுக்கியதில் எத்தனை உழைத்தன என்று யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நேரத்தைக் கூட்டிக் கேட்டால் காத்திருப்புதான் நீளும்; கோரைக் கூட்டிக் கேட்டால் அடுத்த வார முன்னுரிமையும் சேர்ந்து கரையும்.

ரத்து செய்ய எஸ்கேன்சல், அதன் பின் ஜாப் எண். காத்திருப்பவற்றை மட்டும் நீக்க --ஸ்டேட்=பெண்டிங் சேருங்கள். எஸ்கேன்சல் -யூ போட்டு உங்கள் யூசர் பெயரை மட்டும் கொடுத்தால் உங்கள் ஜாப் மொத்தமும் போய்விடும், ஓடிக்கொண்டிருப்பதும் சேர்த்து. அது "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது.

ஓடும்போது

டெய்ல் -எஃப் போட்டு லாக் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பைதான் ஜாப் ஓடுகிறது, லாக் மட்டும் காலியாகவே இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம்: வெளியீடு ஃபைலுக்குப் போகும்போது பைதான் அதை வரி வரியாக விடாமல் மொத்தமாகச் சேர்த்துத்தான் எழுதும். நம் ஸ்க்ரிப்டில் பைதானுக்குப் பக்கத்தில் இருக்கும் -யூ இதற்காகத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று நேரில் பார்க்க: எஸ்ரன் --ஜாப்ஐடி=48213 --ஓவர்லாப் --பிடிஒய் பாஷ். ஜாப் ஓடும் நோடிலேயே ஒரு டெர்மினல் திறக்கும். அங்கே டாப் தட்டினால் எத்தனை கோர் உழைக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எண்ணுக்கு உங்கள் ஜாப் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும்: அளவெடுப்பது

பலர் தாண்டிப் போகும் படி இது. சோதனை ஜாப் முடிந்ததும் செஃப் கட்டளையை ஜாப் எண்ணோடு தட்டுங்கள் (எஸ், ஈ, எஃப், எஃப் என்ற நான்கு எழுத்து). உங்கள் இடத்தில் அதை நிறுவவில்லை என்றால் எஸ், ஏ, சி, சி, டி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை எப்படியும் இருக்கும்:

எஸ்ஏசிசிடி -ஜே 48213 --ஃபார்மட்=ஜாப்ஐடி,ஸ்டேட்,எலாப்ஸ்ட்,டோட்டல்சிபியூ,மேக்ஸ்ஆர்எஸ்எஸ்,எக்ஸிட்கோட்

மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (மெமரியின் உச்சம்) முதல் வரியில் காலியாக இருக்கும், கீழே .பேட்ச் என்று முடியும் வரியில் பாருங்கள். எஸ்ரன் மூலம் ஓட்டியிருந்தால் .0 வரியில் இருக்கும்.

நம் சோதனையில் இப்படி வந்தது என்று வையுங்கள்: ஓடியது 6 நிமிடம், சிபியூ நேரமும் ஏறத்தாழ 6 நிமிடம், மெமரி உச்சம் 2.1 ஜிபி. 4 கோர் 6 நிமிடம் முழுதாக உழைத்திருந்தால் சிபியூ நேரம் 24 நிமிடம் வந்திருக்க வேண்டும். 6தான் வந்தது என்றால் ஒரு கோர்தான் உழைத்தது. சரியான அடுத்த விண்ணப்பம்: 1 கோர், 3 ஜிபி, 15 நிமிடம். மெமரியில் இந்த இடைவெளியை விடுவதற்குக் காரணம் உண்டு. ஸ்லர்ம் மெமரியை இடைவிட்டுத்தான் அளக்கும், இயல்பாக 30 நொடிக்கு ஒரு முறை. நடுவில் ஒரு கணம் எகிறி இறங்கியது அதன் கண்ணில் படாமல் போகலாம். நேரத்தில் இரு மடங்குக்கும் மேல் விடுவது, ஃபைல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது என்பதற்காக. முடிந்தால் இருப்பதிலேயே பெரிய ஃபைலை வைத்து அளவெடுங்கள்.

புரோகிராம் உண்மையிலேயே பல கோர்களைப் பயன்படுத்தும் என்றாலும் எத்தனை கேட்பது என்பது தனிக் கேள்வி. ஜீன் ஆம்டால் 1967ல் முன்வைத்த வாதம் இங்கே உதவும்: வேலையில் 95 சதவீதம் பிரிக்கக்கூடியது, 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், கோர்களை எவ்வளவு கூட்டினாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 16 கோரில் கிடைப்பதே ஏறத்தாழ 9 மடங்குதான். 1, 2, 4, 8 என்று நான்கு சின்ன ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். இரட்டித்தும் நேரம் கொஞ்சம்தான் குறைகிறது என்னும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலைப் பத்தியில் வேறு என்ன வரலாம்? டைம்அவுட்: நேரம் போதவில்லை. அவுட்_ஆஃப்_மெமரி: மெமரி போதவில்லை, பொதுவாக லாக் ஃபைலின் கடைசியில் "கில்டு" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும். நோட்_ஃபெயில்: உங்கள் தவறில்லை, மறுபடி போடுங்கள். ஃபெயில்டு: புரோகிராமே பிழையோடு வெளியேறியது, லாகைப் படியுங்கள்.

கம்ப்ளீட்டட் என்று வந்தால் வெற்றி என்று அர்த்தமா? அதை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்க்ரிப்டின் கடைசிக் கட்டளை பிழையில்லாமல் முடிந்தது என்பதே அதன் பொருள். பைதான் நடுவில் விழுந்து, அதற்குக் கீழே "முடிந்தது" என்று அச்சிடும் ஒரு எக்கோ வரி இருந்தால், ஸ்லர்ம் கண்ணுக்கு அந்த ஜாப் வெற்றிதான். செட் -இ போட்டது இதற்காக: எந்தக் கட்டளை தவறினாலும் ஸ்க்ரிப்ட் அங்கேயே பிழையோடு நின்றுவிடும்.

300 ஃபைல்களும்: ஜாப் அரே

இப்போது முழு வேலை. ஃபார் லூப் எழுதி 300 முறை எஸ்பேட்சைக் கூப்பிடத் தோன்றும். வேண்டாம். ஸ்கெட்யூலருக்கு அது தேவையில்லாத சுமை, உங்களுக்கும் 300 தனி எண்களைக் கட்டி மேய்க்கும் தலைவலி. அரே ஒரே எண்ணுக்குள் அத்தனையையும் அடக்கும். முதலில் ஃபைல் பெயர்களை வரிக்கு ஒன்றாகப் பட்டியல் என்ற ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள் (எல்எஸ் கட்டளையின் வெளியீட்டைத் திருப்பி விட்டால் போதும்). பிறகு ஸ்க்ரிப்டில் கோர், மெமரி, நேரத்துக்கு அளந்த எண்களைப் போட்டு, இந்த மாற்றங்களைச் செய்யுங்கள்:

#எஸ்பேட்ச் --அரே=1-300%20
#எஸ்பேட்ச் --அவுட்புட்=லாக்/%ஏ_%ஏ.அவுட்

ஃபைல்=$(ஹெட் -என் $ஸ்லர்ம்_அரே_டாஸ்க்_ஐடி பட்டியல் | டெய்ல் -என் 1)
பைதான் -யூ கணக்கு.பை "$ஃபைல்"

அவுட்புட் வரியில் முதல் ஏ பெரிய எழுத்து, அது அரேயின் எண். இரண்டாவது ஏ சிற்றெழுத்து, அது உறுப்பின் எண். %20 என்றால் ஒரே நேரத்தில் 20 மட்டும் ஓடட்டும் என்று பொருள். அத்தனையும் ஒரே டிஸ்கைப் படிக்கும்போது இந்தக் கடிவாளம் அவசியம். நேரம், மெமரி எல்லாம் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி. 300க்கும் சேர்த்துப் பெருக்கி எழுதிவிடாதீர்கள்.

7, 19, 204 ஆகிய மூன்று மட்டும் விழுந்தன என்றால், --அரே=7,19,204 என்று கட்டளை வரியில் கொடுத்து அதே ஸ்க்ரிப்டைப் போடுங்கள். பட்டியல் ஃபைலை நடுவில் மாற்றியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அரே எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் 1000 வரை. அதற்கு மேல் போனால், அல்லது ஒரு ஃபைலுக்குச் சில நொடிதான் ஆகிறது என்றால், ஒரு உறுப்புக்குப் பத்து இருபது ஃபைலாகக் கட்டிக் கொடுங்கள்.

ஒன்றன்பின் ஒன்று

எல்லா ஃபைலும் முடிந்த பிறகுதான் தொகுக்கும் ஜாப் ஓட வேண்டும் என்றால்:

எண்=$(எஸ்பேட்ச் --பார்சபிள் வேலை.எஸ்ஹெச்)
எஸ்பேட்ச் --டிபெண்டன்சி=ஆஃப்டர்ஓகே:$எண் தொகு.எஸ்ஹெச்

ஆஃப்டர்ஓகே என்றால் அரேயின் அத்தனை உறுப்பும் வெற்றியாக முடிந்தால் மட்டும். ஒன்று விழுந்தாலும் தொகு.எஸ்ஹெச் டிபெண்டன்சிநெவர்சேட்டிஸ்ஃபைட் என்ற காரணத்தோடு வரிசையில் அப்படியே தொங்கும். கிளஸ்டரின் அமைப்பைப் பொறுத்துத் தானே நீங்கலாம். வெற்றியோ தோல்வியோ முடிந்தால் சரி என்றால் ஆஃப்டர்எனி.

நேர வரம்பைவிட நீளமான வேலை

நேரம் முடிந்ததும் ஸ்லர்ம் முதலில் மரியாதையாக நிறுத்தச் சொல்லும். இயல்பாக 30 நொடியில் பலவந்தமாக நிறுத்திவிடும். பெரிய கணக்கைச் சேமிக்க அது போதாது. சரியான தீர்வு, புரோகிராமே அவ்வப்போது தன் நிலையை ஃபைலில் எழுதி, அடுத்த முறை அங்கிருந்து தொடர்வது. கடைசி நிமிட எச்சரிக்கையும் வேண்டும் என்றால் --சிக்னல்=பி:யூஎஸ்ஆர்1@300 சேருங்கள் (பி, யூஎஸ்ஆர் பெரிய எழுத்தில்); முடிவுக்கு 300 நொடி முன்பு, சில சமயம் இன்னும் ஒரு நிமிடம் முன்னதாகவே, ஸ்க்ரிப்டுக்குச் சமிக்ஞை வரும். அதை ட்ராப் என்ற பாஷ் கட்டளை மூலம் பிடிக்கலாம். ஆனால் புரோகிராம் முன்புறத்தில் ஓடும்வரை பாஷ் ட்ராபைக் கவனிக்காது. வரியின் கடைசியில் & போட்டுப் பின்புறத்தில் ஓட்டி, அடுத்த வரியில் வெய்ட் எழுதுங்கள். சமிக்ஞை வந்ததும் அந்த வெய்ட் கலைந்துவிடும் என்பதால் கீழே இன்னொரு வெய்ட்டும் வேண்டும். செட் -இ இருந்தால் முதல் வெய்ட்டுக்குப் பக்கத்தில் || ட்ரூ சேர்க்காவிட்டால் ஸ்க்ரிப்ட் அங்கேயே வெளியேறிவிடும்.

ஜிபியூ

--ஜிரெஸ்=ஜிபியூ:1 என்று ஒரு வரி, ஜிபியூ உள்ள பார்ட்டிஷனின் பெயரோடு. எந்தக் கார்டு உங்களுக்கு என்பதை ஸ்லர்மே புரோகிராமுக்குச் சொல்லிவிடும். கோடில் நீங்களாகக் கார்டு எண்ணைக் குறிப்பிட வேண்டாம். தரவு எடுத்துத் தரும் சிபியூ கோர்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஜிபியூ சும்மா இருக்கிறது என்னும் புகார்களில் பல, ஒரே ஒரு கோர் அதற்குத் தரவு ஊட்டத் திணறுவதால் வருபவை.

பிபிஎஸ், எல்எஸ்எஃப் இருந்தால்

1990களின் தொடக்கத்தில் நாசாவுக்காக உருவான பிபிஎஸ்ஸில் க்யூசப், க்யூஸ்டாட், க்யூடெல் ஆகியவை முறையே போட, பார்க்க, நீக்க. அங்கே ஜாப் உங்கள் ஹோமில் தொடங்கும். ஆகவே ஸ்க்ரிப்டின் முதல் வேலை $பிபிஎஸ்_ஓ_வொர்க்டிர் என்ற மாறி சொல்லும் ஃபோல்டருக்கு சிடி போடுவது. எல்எஸ்எஃப்பில் பிசப், பிஜாப்ஸ், பிகில். பிசப்புக்கும் ஸ்க்ரிப்ட் பெயருக்கும் நடுவே < குறி வேண்டும். இல்லாவிட்டால் பொதுவாக ஸ்க்ரிப்டுக்குள் எழுதிய விருப்பங்களை அது படிக்காது. எல்எஸ்எஃப்பில் 2:00 என்றால் 2 மணி நேரமேதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் ஜாக்கிரதை.

உதவி கேட்கும்போது

நிர்வாகிக்கு "என் ஜாப் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால், பதிலுக்கு நான்கு கேள்விதான் வரும். ஜாப் எண், ஸ்க்ரிப்டின் முழுப் பாதை, லாக் ஃபைலின் பாதை, கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதற்குப் பின் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பிழைச் செய்தியை எழுத்தாகவே ஒட்டுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்து அவர்களால் நகலெடுத்துத் தேட முடியாது. விழுந்த ஜாபின் ஃபைல்களைப் பதில் வரும்வரை அழிக்காமல் வையுங்கள்.